பொன்னிற டயலில் படியும் காலம்

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையின் தயாரிப்புகள், தமிழ்நாட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளைச் சீராக நெடுங்காலம் இடம்பெற்றன. அக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் ஒப்புதல் அளித்த பின்னர், பழைய கடிகாரங்களைச் சேகரிப்போரின் நாட்டம் எச்.எம்.டி. கடிகாரங்களின்பால் கூடியது.

பழைய கடிகாரங்களில் காணும் பொன்னிற டயல் என்பது பெரும்பாலும் பித்தளைத் தகட்டின்மீது மெல்லிய தங்கமுலாம் ஏற்றி, அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் பூசப்பட்ட முகப்பாகும். தூய தங்கம் கறுப்பதில்லை என்றாலும், வெயிலில் வார்னிஷ் பழுப்பேறுவதாலும், சாவிக் குமிழின் இடுக்கு வழியே நுழையும் வியர்வையும் ஈரமும் முலாமின் நுண்துளைகளூடே பித்தளையைத் தாக்குவதாலும் டயலின் நிறம் மாறுகிறது. பட்டினா எனப்படும் இம்முதுமைச் சாயல் சீராகப் படர்ந்திருந்தால் அழகு. திட்டுத்திட்டாகப் பச்சை பூத்திருந்தால் அது சேதமே. ரோலெக்ஸ், ஒமேகா போன்ற சுவிஸ் கடிகாரங்களில் கருப்பு டயல் சீரான பழுப்பாக மாறியவற்றுக்கு ஏலங்களில் மிகுந்த விலை கிடைக்கிறது.

இந்தியச் சந்தையிலோ பழைய எச்.எம்.டி. டயல்களுக்குப் புதுச்சாயம் அடித்து விற்பது பரவலாக உள்ளது. அச்செயல் கடிகாரத்தின் வரலாற்றுச் சான்றையே அழித்துவிடுகிறது. மேச்சேரியிலோ சேலத்திலோ பாட்டனாரின் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுப்போர், இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்து டயலைத் தொடாது விடுமாறு சொல்ல வேண்டும்.