குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைப்பது ஏன் ஆபத்து? விக்ரோலி முதல் கள்ளக்குறிச்சி வரை ஒரு பார்வை

மும்பை: வயிற்று வலி, வாந்தி, தலைச்சுற்றல், கண் மங்கல். இந்த நான்கு தொல்லைகளுடன் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று "குடித்தீர்களா?" என்பதாகும். உடன் வந்த மனைவியையோ பிள்ளையையோ ஒருமுறை பார்த்துவிட்டு நோயாளி "இல்லை" என்று தலையசைத்தால், உயிரைக் காக்க வேண்டிய மணி நேரங்கள் வேறு ஏதோ ஒரு நோயைத் தேடுவதில் கழிந்துவிடும்.

மும்பையின் கிழக்குப் புறநகரான விக்ரோலிக்கு இது வெறும் ஊகமன்று. 2004 டிசம்பரில் இப்பகுதியில் விற்கப்பட்ட நச்சுச் சாராயம் 87 பேரின் உயிரைப் பறித்தது. ஆழிப்பேரலைச் செய்திகளால் நாடே நிலைகுலைந்திருந்த மாதம் என்பதால், விக்ரோலித் துயரம் பலரது நினைவில் நிற்கவில்லை. அதன்பின் 2015 ஜூன் மாதத்தில் மலாட் பகுதியின் மால்வணியில் அதே கொடுமை மீண்டும் நிகழ்ந்தது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு இடங்களிலும் உயிரிழந்தோரில் பெரும்பாலானோர் மலிவான சாராயத்தை நாடிய உழைக்கும் மக்கள்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நச்சுச் சாராயத்தில் கலந்திருப்பது பெரும்பாலும் மெத்தனால் எனப்படும் தொழிற்சாலை ஆல்கஹால். வழக்கமான மதுவில் இருப்பது எத்தனால். நிறத்திலோ மணத்திலோ இவ்விரண்டையும் பிரித்தறிவது குடிப்பவருக்கு இயலாத ஒன்று. மெத்தனால் உடலுக்குள் சென்றவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவதும், இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி மூச்சையும் இதயத்தையும் நிலைகுலையச் செய்வதும் இந்த ஃபார்மிக் அமிலமே. சுமார் 10 மில்லிலிட்டர் தூய மெத்தனால் பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கக்கூடும்.

இம்மாற்றத்துக்கு நேரம் பிடிக்கிறது. குடித்த 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய அறிகுறி எதுவும் தோன்றாமல் இருக்கலாம். மெத்தனாலுடன் வழக்கமான மதுவும் சேர்ந்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். எனவே, முந்தைய நாள் மாலை குடித்தவர் மறுநாள் பிற்பகல் மருத்துவமனைக்கு வரும்போது, "நேற்றுக் குடித்ததற்கும் இன்றைய வலிக்கும் என்ன தொடர்பு?" என்று எண்ணுவது இயல்பே. அவர் வாயில் மது வாடையும் இருக்காது. கேட்டாலொழியச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதும் இல்லை.

இரத்தத்தில் மெத்தனால் அளவை உடனடியாகக் கண்டறியும் வசதி பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது. இரத்த அமிலத்தன்மைச் சோதனை துணைபுரியும் என்றாலும், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றிலும் அமிலத்தன்மை கூடவே செய்யும். எனவே மருத்துவரின் முதன்மைக் கருவி நோயாளியின் வாய்மொழிதான். எதைக் குடித்தார், எங்கே வாங்கினார், எப்போது, எவ்வளவு, உடன் குடித்தவர்கள் யார் என்பன தெரிந்தால், நஞ்சாக மாறுவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் அல்லது மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கப்படும் எத்தனால், சோடியம் பைகார்பனேட், இரத்தச் சுத்திகரிப்பு ஆகிய சிகிச்சைகளைக் காலம் தாழ்த்தாமல் தொடங்கலாம். எத்தனால் மாற்று மருந்து என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே "நல்ல சரக்கு" வாங்கிக் கொடுப்பது ஆபத்தான வேலை. அது அறிகுறிகளைத் தள்ளிப்போட்டு மருத்துவமனைக்குச் செல்வதையே தாமதப்படுத்திவிடும்.

"உடன் குடித்தவர்கள் யார்?" என்ற கேள்வி பிறரைக் காப்பதற்கானது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அங்கு முதல் இறப்புகள் நிகழ்ந்தபோது, அவற்றுக்குக் கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதை மாவட்ட நிர்வாகம் உடனடியாக ஏற்கவில்லை. பின்னர் மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். உண்மையை நோயாளி மறைத்தாலும் நிர்வாகம் தயங்கினாலும் விளைவு ஒன்றுதான்: அதே சரக்கைக் குடித்து, இன்னும் அறிகுறி தோன்றாமல் வீட்டில் இருப்பவருக்கு எச்சரிக்கை போய்ச் சேர்வதில்லை.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

மறைப்பவரை மட்டும் குறை கூறுவது எளிது. மகாராஷ்டிரத்தில் நடைமுறையில் இருக்கும் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி, மது அருந்துவதற்கே தனிநபர் அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும். வீதிக்கு வீதி மதுக்கடை இருக்கும் மாநகரில் இந்த விதி பலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் கள்ளச்சாராயம் வாங்கிய ஒருவருக்குக் காவல்துறை என்ற சொல்லே நடுக்கம் தரும். நஞ்சு பாதிப்பு என்ற ஐயம் எழுந்தால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது வழக்கம் என்பதும் உண்மையே. அந்தத் தகவலைக் கொண்டுதான் விற்றவரையும் காய்ச்சியவரையும் தேடுகின்றனர். மற்றபடி, அன்றாடக் குடிப்பழக்கம் குறித்து மருத்துவரிடம் சொல்வது இரகசியமாகவே காக்கப்பட வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள், நீதிமன்ற ஆணை, பிறருக்கு நேரவிருக்கும் கடும் ஆபத்து, அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் ஆகிய சூழல்களில் மட்டுமே விலக்கு அளிக்கின்றன.

காப்பீடு குறித்த அச்சமும் அடிப்படையற்றதன்று. குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையைப் பல மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. ஆயினும் மறைப்பது அதைவிடப் பெரிய இடர். விண்ணப்பத்தில் நீண்டகாலக் குடிப்பழக்கத்தை மறைத்தவரின் கோரிக்கையை நிராகரித்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

மும்பைத் தமிழரிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. மராத்தியோ இந்தியோ சரளமாகப் பேசவராத முதியவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ மொழிபெயர்ப்பாளராக வருகின்றனர். "தினமும் குடிப்பீர்களா?" என்ற கேள்வியை மகள் தமிழில் கேட்க, தந்தை "எப்போதாவது" என்கிறார். அந்த ஒரு சொல்லே நோயாளிக் குறிப்பில் ஏறுகிறது. தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. பெரிய மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த செவிலியரையோ ஊழியரையோ அழைக்கும்படி கேட்பதும் தவறில்லை.

"கொஞ்சம்" என்பது எவ்வளவு?

சாராய நஞ்சு அரிது. அன்றாடக் குடி அரிதன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துவதாகக் கணித்தது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார்.

மருத்துவரிடம் "கொஞ்சம்தான்" என்பதற்குப் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வினாப்பட்டியல் 10 கிராம் தூய ஆல்கஹாலை ஓர் அலகாகக் கொள்கிறது. 42.8 விழுக்காடு செறிவுள்ள விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் 30 மில்லிலிட்டர் ஓர் அலகு. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லிலிட்டர், 6 அலகுகள். 8 விழுக்காடு செறிவுள்ள 650 மில்லிலிட்டர் பீர் ஏறக்குறைய 4 அலகுகள். "பீர்தானே" என்று அதைக் கணக்கில் சேர்க்காதவர் ஏராளம். அளவைச் சொல்லத் தயங்குவோர் புட்டியின் அளவையும் வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் சொன்னாலே போதும். மீதிக் கணக்கை மருத்துவர் போட்டுக்கொள்வார்.

இக்கணக்கு எங்கெல்லாம் உயிரைத் தொடுகிறது? காசநோய்க்கு ஐசோனியசிட் உட்கொள்பவர் குடித்தால் கல்லீரல் பாதிப்பு அபாயம் கூடுகிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் மிகைக் குடியும் சேர்ந்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எவ்வளவு கொடுப்பது என்பதையும் குடியின் அளவு தீர்மானிக்கிறது.

அறுவை சிகிச்சைதான் இவற்றுள் மிகவும் கவனிக்கப்படாதது. தினமும் குடித்தவர், அதைச் சொல்லாமல் எலும்பு முறிவுக்காக மருத்துவமனையில் சேர்கிறார். படுக்கையில் மது கிடைக்காது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் கை நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணில் தெரிதல், வலிப்பு எனத் தொடங்கி அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல நேரலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால், தயாமின் ஊசியும் உரிய மாத்திரைகளும் கொடுத்து இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இதே காரணத்தால், நீண்டகாலமாக அன்றாடம் குடிப்பவர்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்தானது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. இதற்குக் கட்டணம் இல்லை.