திரையில் மறைத்தவர்களை வென்ற குறிப்பேடு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில், என்.பி.சி. நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் உள்ளூர் நிலையமாக 1953இல் தொடங்கியது டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி. 1955இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் திரையில் தோன்றியதும், 'கேபிள் கோளாறு' என்று அட்டை போட்டு மறைத்தது.

1964இல் தன்னார்வலர்கள் ஒரு வாரம் நிகழ்ச்சிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். ஆரன் ஹென்றி உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்களும் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையும் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாதென்று முறையிட்டனர். பார்ப்பவர்களுக்கு வழக்காட உரிமையில்லை என்றது ஆணையம். உண்டு என்று 1966இல் தீர்ப்பளித்தது நீதிமன்றம். 1969இல் உரிமமே ரத்தானது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அந்த நிலையத்தின் பொது மேலாளரானார்.

நம் சேரிச் செய்தி எத்தனை முறை வருகிறது, எது மறைக்கப்படுகிறது? நாமும் ஒரு நோட்டில் குறித்து வைப்போம்.