உண்ணும் இரும்பும் உடல் ஏற்கும் இரும்பும்

புவியோட்டின் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு இரும்பாகும். மனிதன் உழும் மண்ணிலும் உண்ணும் கீரையிலும் அது கலந்திருக்கின்றது. இருந்தும், உலக மக்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் ஊட்டக் குறைவுகளுள் முன்னிற்பது இரும்புக் குறைவேயாகும். மலிந்து கிடக்கும் பொருளுக்கு உடலினுள்ளே இத்துணைப் பஞ்சம் ஏற்படுவானேன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர், உண்கலத்திலுள்ள இரும்பு வேறு, குருதியைச் சென்றடையும் இரும்பு வேறு என்னும் உண்மையை முதற்கண் உணர்தல் வேண்டும்.

குருதியில் இரும்பு உண்டென்பதை 18ஆம் நூற்றாண்டில் மெங்கீனி என்னும் இத்தாலிய அறிஞர் எளிய முறையொன்றாற் காட்டினார். குருதியை எரித்துப் பெற்ற சாம்பலிலிருந்த துகள்கள் காந்தத்தால் ஈர்க்கப்பட்டன. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பு முழுவதும் 3 முதல் 4 கிராம் வரையிலேயாம். ஒரு சிறிய ஆணியின் நிறை எனலாம். அதில் மூன்றில் இரு பங்களவு செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினில் அமைந்து, நுரையீரலிற் பெற்ற ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. எஞ்சியது தசைகளிலும், ஆற்றலை விளைவிக்கும் நொதியங்களிலும், ஈரல் முதலிய சேமிப்பிடங்களிலும் உள்ளது. செங்குழியத்தின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாளாகும். அஃது அழியும்போது அதிலுள்ள இரும்பு வீணாவதில்லை. புதிய செங்குழியங்களை ஆக்குதற்கு மீண்டும் பயன்படுகின்றது. ஆதலின் ஆடவர் ஒருவர் நாளொன்றுக்கு இழக்கும் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராமேயாகும்.

மிகையான இரும்பை வெளியேற்றுதற்கு உடலில் தனி வழி இல்லை என்பதை 1937ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மக்கான்சு என்பாரும் விடோசன் அம்மையாரும் விளக்கினர். வான் இல்லாத குளத்துக்கு வரத்து வாய்க்காலிலேயே காவல் வேண்டும். உடலும் அவ்வாறே சிறுகுடலிற் காவல் வைத்துள்ளது. ஈரல் சுரக்கும் எப்சிடின் என்னும் ஓமோனே அக்காவலின் தலைவன் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டறியப்பட்டது. சேமிப்பு நிறைந்தவிடத்து எப்சிடின் மிகுந்து இரும்பைத் தடுக்கும்; சேமிப்புக் குறைந்தவிடத்துத் தானும் குறைந்து வழிவிடும்.

உணவிலுள்ள இரும்பு இருவகைப்படும். இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பில் ஒரு பகுதி குருதியின் செந்நிறப் பொருளோடு இணைந்தது; அஃது எளிதில் உறிஞ்சப்படும். தானியம், பருப்பு, கீரை என்பவற்றிலுள்ள மற்றைய வகையோ அத்துணை எளிதில் உட்புகுவதன்று. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பைற்றிக்கமிலமும் தேயிலையிலுள்ள தனின் முதலிய பொருள்களும் அதனைப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே, கீரையும் பருப்பும் நிறைய உண்டு, உடனே தேநீர் அருந்துபவர், ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்தவராகின்றார். புலாலுண்ணாதோர்க்கு இரும்புத் தேவை ஏனையோரினும் 1.8 மடங்கு என அமெரிக்க ஊட்டவியலார் கணித்தமைக்கு இத்தடைகளே காரணமாகும்.

எனினும் சைவவுணவு உண்போர் கவலையுற வேண்டுவதில்லை. விற்றமின் சீ இத்தடையை வெல்ல வல்லது. இறக்கிவைத்த கீரைக்கறியில் தேசிக்காய்ப் புளி விடும் வழக்கம் சுவைக்கு மட்டும் உதவுவதன்று. உணவோடு கொய்யா, நெல்லி முதலிய கனிகளை உண்பதும் அத்தகையதே. பயற்றை முளைக்கவைத்தலும் மாவைப் புளிக்கவைத்தலும் பைற்றிக்கமிலத்தைக் குறைக்கும். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரமேனும் முன்னோ பின்னோ அருந்துதல் நன்று.

இரும்பு குறையுமிடத்து முதலிற் சேமிப்புக் கரையும். அதன் பின்னரே ஈமோகுளோபின் குறைந்து குருதிச்சோகை வெளிப்படும். களைப்பு, மூச்சிரைப்பு, வெளிறிய நிறம், கவனக்குறைவு என்பன அதன் குறிகள். மாதந்தோறும் குருதியிழக்கும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராமும், கருவுற்றோர்க்கு 27 மில்லிகிராமும், வளர்ந்த ஆடவர்க்கு 8 மில்லிகிராமும் வேண்டுமென அவ்வூட்டவியலார் கூறுவர். வீட்டில் எல்லோரும் உண்ட பின்னர் எஞ்சியதை உண்ணும் தாய்க்கே ஆடவரினும் இருமடங்குக்கு மேல் தேவை என்பது சிந்திக்கற்பாலது. குழவிப் பருவத்துக் குறைவு மூளை வளர்ச்சியைத் தாக்கும். பின்னர் இரும்பு கொடுத்தும் அத்தீங்கு முற்றாக நீங்காதிருத்தலும் உண்டு. வகுப்பிற் சோர்ந்திருக்கும் மாணவியைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளுமுன், அவளது குருதியைச் சோதிப்பித்தல் அறிவுடைமையாகும்.

குறைவு தீதெனின் மிகை நன்றாகுமோ? ஆகாது. ஆபிரிக்காவின் தென்பகுதியில் இரும்புக் கலங்களில் வடித்த மதுவைப் பல்லாண்டு பருகியோரின் ஈரலில் இரும்பு மிகுந்து, அதனைச் சிதைத்தமை மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. மதுவின் புளிப்பு கலத்தின் இரும்பைக் கரைத்தது. இலங்கையிலும் காணப்படும் தலசீமியா என்னும் பரம்பரை நோயில், இரும்புக் குறைவிற் போலவே செங்குழியங்கள் சிறுத்து வெளிறித் தோன்றும். ஆயின் கடுமையான தலசீமியா உடையோரின் உடலில், அடிக்கடி பெறும் குருதியினால் இரும்பு அளவு கடந்து சேர்ந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஆதலால், வெளிறிய முகத்தைக் கண்டமட்டில் மருத்துவரைக் கேளாது இரும்பு மாத்திரை உண்ணுதல் தகாது. பெரியோர்க்குரிய மாத்திரைகளைச் சிறுவர் விழுங்கினால் உயிருக்கே ஊறு நேரும். அவை அவர்க்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். கருவுற்ற தாய்மார் மருத்துவ நிலையத்திற் பெறும் மாத்திரைகளை அச்சத்தால் விலக்குவதும் தவறேயாம்.

உடல் தன் வாயிலைத் தானே காக்கின்றது. அதனையறிந்து, எதனை எதனோடு உண்பது, எதனை எப்பொழுது தவிர்ப்பது என்று தெளிதலே மனிதன் செய்யத்தக்கது. பொருட்செலவின்றி ஒவ்வோர் அடுக்களையிலும் இன்றே தொடங்கக்கூடிய நலப்பணி இதுவாகும்.