21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் நியூயார்க்கில் முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்துவந்த மருத்துவர். கோணல் மூக்கு, தழும்பு என்று குறையோடு வந்தவர்களில் பலர் சிகிச்சைக்குப் பிறகு ஆளே மாறிப்போனார்கள். கூச்சம் விட்டது, பேச்சில் தைரியம் வந்தது. சிலருக்கு மட்டும் அது நடக்கவில்லை. கட்டைப் பிரித்துக் கண்ணாடியைக் கொடுத்தால், எல்லாம் முன்பு போலவேதான் இருக்கிறது என்பார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முகம் திருந்தியிருந்தது, தன்னைப் பற்றி மனதில் பதிந்திருந்த உருவம் பழையபடியே இருந்தது.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1960இல் அவர் எழுதிய 'சைக்கோ-சைபர்நெட்டிக்ஸ்' என்ற நூல். ஒருவர் தன்னை எப்படிப்பட்டவர் என்று நம்புகிறாரோ அதற்கேற்பவே நடப்பார், அந்த நம்பிக்கையைத் தொடாமல் நடத்தையை மட்டும் திருத்தினால் நிலைக்காது என்பது அதன் சாரம். புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். காலப்போக்கில் 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. எந்தப் பழக்கத்தையும் 21 நாளில் மாற்றிவிடலாம் என்ற வாக்குறுதியாக அது ஊர் சுற்றியது. மாத முடிவில் பழையபடி திரும்பியவர்கள், தங்களுக்கு மன உறுதியே இல்லை என்று நொந்துகொண்டார்கள். அவர்கள்மீது எந்தத் தவறும் இல்லை, கணக்குதான் தவறு.

பழக்கம் படிய உண்மையில் எத்தனை நாள் ஆகும் என்று அறிய, லண்டனின் யுனிவர்சிட்டி காலேஜில் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலை எடுத்து, அன்றாடம் தவறாமல் வரும் ஒரு வேளையோடு முடிந்துகொண்டார்கள். யோசிக்காமலே அது நடக்கும் நிலை வர 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நீண்ட கணக்குகள், 12 வாரப் போக்கை வைத்து மதிப்பிட்டவை. வரிசையின் நடுவில் நின்றது 66 நாள். உண்பதும் குடிப்பதும் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் குடி மூழ்கிவிடவில்லை.

பழக்கம் ஒரே சீராகவும் வளர்வதில்லை. முதல் சில வாரங்களில் வேகமாக ஏறும், பிறகு மெல்ல மெல்லத்தான் படியும். எதுவும் நடக்காதது போலத் தோன்றும் அந்தப் பிற்பகுதியிலும் வேளையும் செயலும் மனதில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பிறகொரு நாள், போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழாமல், சாயங்காலம் ஆனதும் கை ஓட்டக் காலணியைத் தேடுகிறது.