சும்மா கிடக்கிற நிலமா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்திலே, பக்கத்தில் அமர்ந்திருந்த கனவான் ஒருவர் வெளியே கைகாட்டினார். "எவ்வளவு நிலம் பாருங்கள், சும்மா கிடக்கிறது!" என்றார். பெருமூச்சு வேறு!

தோழர்களே! சும்மாவா கிடக்கிறது அந்தப் புல்வெளி? காணி நிலமும் இல்லாத கூலித் தொழிலாளியின் வீட்டு ஆடு எங்கே மேய்கிறது? கனவானின் தோப்பிலா? கம்பிவேலி போட்ட வயலிலா? அந்தச் 'சும்மா கிடக்கிற' நிலத்திலேதான்! வருவாய்த்துறைக் கணக்கிலே அதற்கு மேய்க்கால் புறம்போக்கு என்று பெயர். ஊருக்குப் பொது என்று பொருள். பட்டா இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே பட்டா அது!

ஆடு மட்டுமா அதை நம்பி வாழ்கிறது? ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையிலே முட்டையிடுகிறது. வானம்பாடி புல்லடியிலே கூடு கட்டுகிறது. குளிர்காலத்திலே நடு ஆசியாவிலிருந்து பறந்து வரும் பூனைப்பருந்து, புல்லுக்குள்ளே இரவைக் கழிக்கிறது. பகலிலே வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்கிறது. கூலி கேளாமல் உழவனுக்கு ஊழியம் செய்கிற விருந்தாளி!

வானூர், மரக்காணம் வட்டங்களிலே பரந்து கிடக்கிறதே கழுவெளி, அதைப் பாருங்கள். மழைக்காலத்திலே ஏரி; நீர் வடிந்தால் விளிம்பெல்லாம் புல்லும் கோரையும். 2021-இல் 5,151.60 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது தமிழக அரசு. 2024-இல் ராம்சார் பட்டியலிலே இடம் கிடைத்தது. சேறு என்று நாம் ஒதுக்கியதை உலகம் செல்வம் என்கிறது! ஆனால், எல்லைக்கல்லைக் கண்டதும் பறவையின் பசி நின்றுவிடுமா? சுற்றியுள்ள ஊர்களின் மேய்க்கால் நிலங்களும் பிழைத்தால்தான் பறவையும் பிழைக்கும்.

அப்படியானால் ஆட்டுக்காரனை விரட்டிவிடலாமா? கூடாது! மேய்ச்சல் மிகுந்தால் மண்தான் மிஞ்சும். மேய்ச்சலே இல்லையென்றால் முள்ளும் புதரும் மூடும். ஒரு பக்கம் மேயவிட்டு, மறுபக்கம் ஓய்வுகொடுத்து, முறை மாற்றினால் புல்லும் வாழும், ஆடும் வாழும், பறவையும் வாழும். முல்லை நிலத்து மக்களின் வழிவந்த நமக்கு இதை எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை.

இன்றைய பகை, சீமைக்கருவேலம். அதன் காயை ஆடுமாடு தின்னும். சாணத்தோடு விதை பரவும். புல்லின் இடத்தை முள் பிடிக்கும். மேலே வெட்டினால் அடியிலே துளிர்க்கும். வேரோடு பிடுங்கவேண்டும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது கன்றுகளைப் பிடுங்குவது எளிது. கோடையிலே தரையில் முட்டை இருக்கும் காலத்தில், அங்கே கால் வைக்கவே அஞ்சவேண்டும்!

இங்கிலாந்திலே, 1930-களுக்குப் பிறகு பூப்புல்வெளிகளிலே 97 விழுக்காடு அழிந்தது. இன்று அங்கே தொண்டர்கள் அரிவாளோடு இறங்குகிறார்கள். பூ விதைத்து முடிந்தபின் அறுத்து, வைக்கோலை அகற்றி, எஞ்சியதைக் காக்கிறார்கள். இழந்தபின் அழுது, பிறகு உழைக்கிறார்கள். நாம் இழப்பதற்கு முன்பே உழைக்கலாமே!

சட்டமும் நம் பக்கம்தான். ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத் தரவேண்டும் என்று, பஞ்சாப் வழக்கொன்றிலே 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பு தானாக நடந்து வந்து முள்ளைப் பிடுங்காது!

ஆகவே, விழுப்புரம், திண்டிவனம் தோழர்களே! கிராம சபையிலே எழுந்து கேளுங்கள்: "எங்கள் ஊர் மேய்க்கால் எத்தனை ஏக்கர்? அதிலே எவர் வேலி நிற்கிறது?" கேட்டுவிட்டு, மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமையிலே மண்வெட்டியோடு புறப்படுங்கள். ஆட்டுக்காரரை முன்னே நடக்கவிடுங்கள். எந்தப் புல் எங்கே முளைக்கும் என்பது அவருக்குத் தெரியும். மாலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

அந்தக் கனவான் மறுபடியும் அந்த வழியே வருவார். வரும்போது, அங்கே நாம் இருக்கவேண்டும்!