இரண்டாவது சர்வர் மட்டும் போதாது

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. அப்படிப்பட்ட நாளில் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் உதவிக்கு அழைத்தால், மணி அடித்தே ஆக வேண்டும். அலுவலகங்களும் மருத்துவமனைகளும் இணையத் தொலைபேசிக்கு மாறும்போது, அந்த மணி ஏதோ ஓர் அறையில் இருக்கும் சர்வரை நம்பியிருக்கிறது. அது பழுதானால்? இன்னொன்று வாங்கி வைக்கலாம் என்பார்கள். அது பாதிப் பதில்கூட அல்ல.

பிரிட்டனில் 2023 ஜூன் 25 அன்று, 999 அவசர அழைப்புகளைக் கையாளும் பிடி (BT) தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அமைப்பு ஒரு கோப்பில் இருந்த பிழையால் தடுமாறியது. மாற்று அமைப்பு தயாராகவே இருந்தது. ஆனால் அதற்கு மாற எடுத்த முதல் முயற்சி தோற்றது. வழிமுறைகள் சரியாக எழுதப்படவில்லை, ஊழியர்களுக்கு அந்த வேலை பழக்கமில்லை என்பதை ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் கண்டறிந்தது. கிட்டத்தட்ட 14,000 அழைப்பு முயற்சிகள் வீணாயின. வசதியும் நிபுணர்களும் நிறைந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் எதில் கவனம் வைக்க வேண்டும் என்பது தெளிவு.

மாற்று சர்வருக்கான பொதுவான ஏற்பாடு இதுதான்: இரு சர்வர்களுக்கும் பொதுவாக ஒரே ஐபி முகவரி. முதன்மை சர்வர் தான் உயிரோடிருப்பதை நொடிக்கு நொடி அறிவிக்கும். அறிவிப்பு நின்றதும் மற்றது முகவரியை ஏற்கும். நடந்துகொண்டிருக்கும் பேச்சு பெரும்பாலும் அறுந்துபோகும், புதிய அழைப்புகள் வரும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான இணைப்பு மட்டும் அறுந்தால், இரண்டுமே தானே தலைமை என்று நினைத்து அழைப்புகளைக் குழப்பிவிடும். யார் பக்கம் பெரும்பான்மை என்று முடிவுசெய்ய மூன்றாவதாக ஒரு சிறு கணினி தேவைப்படுவது இதனால்தான். மாற்று சர்வர் வேறு ஊரில், வேறு முகவரியில் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். தொலைபேசிகள் சர்வரில் தங்களைப் பதிவுசெய்துகொள்ளும் இடைவெளியை ஒரு மணி நேரம் என்று விட்டிருந்தால், அதுவரை உள்வரும் அழைப்புக்கு மணியே அடிக்காமல் போகலாம். அதை ஓரிரு நிமிடமாகக் குறைப்பது செலவே இல்லாத வேலை.

இரு சர்வர்களையும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ஃபைபர் கேபிளில் வைப்பது வீண். சாலையோரம் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டினால் இரண்டும் ஒன்றாகப் போகும். இரு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினாலும் கேபிள் ஒரே வழியில் வரக்கூடும். வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மலைக்கு இது போதாது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கான இணைப்பு அறுந்தால், கீழே எத்தனை சர்வர் ஓடினாலும் மேலே பயனில்லை. எனவே அங்கேயே ஒரு சிறு சர்வரும், பேட்டரியும், கம்பி வழியைச் சாராத ஒரு வெளித்தொடர்பும் இருப்பதே நியாயம்.

எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே என்று கேட்கலாம். செல்கோபுரமும் மின்சாரத்தையும், அதை வலையமைப்போடு இணைக்கும் தொடர்பையும் நம்பியதுதான். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் ஒரே மாதிரி கிடைப்பதுமில்லை. செலவு என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் ஆஸ்டரிஸ்க் போன்ற தொலைபேசி சர்வர் மென்பொருள் இலவசம், சிறு அலுவலகத்துக்குச் சாதாரணக் கணினியே போதும். உண்மையில் செலவாவது ஆட்களின் நேரம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அறிவித்துவிட்டு முதன்மை சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்க வேண்டும், பிறகு ஒவ்வொரு கேபிளாக. மலையிலிருந்து வரும் அழைப்பு எத்தனை விநாடியில் ஒலிக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். அமைத்துக் கொடுத்த பொறியாளர் இல்லாமல், இரவுப் பணியாளரே குறிப்பைப் படித்து இதைச் செய்து பார்க்க வேண்டும்.