தடைப் பட்டியலை எழுதுவது யார்? கேள்வி கேட்பது யார்?

ஸ்டீல்ஸ் வீதியின் வடக்கே மார்க்கம், தெற்கே ஸ்காபரோ எனப் பரந்து கிடக்கும் மில்லிக்கன் பகுதியில் வாழும் எம்மவர்க்கு மூன்று காரியங்கள் வழமையானவை. ஊரிலுள்ள உறவுகளுக்குப் பணம் அனுப்புதல், பொது அமைப்புகளுக்கு நன்கொடை வழங்குதல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிறந்த மண்ணுக்குச் சென்றுவருதல். இம்மூன்றையும் ஒரே நாளில் குற்றமாக்கிவிடும் வல்லமை ஒரு தாளுக்கு உண்டு. அதுவே தடைப் பட்டியல். அதனை எழுதுவது யார், எழுதியவரைக் கேள்வி கேட்பது யார் என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

நியூயோர்க் தாக்குதலின் பின், 2001 செப்ரெம்பர் 28ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1373ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்கு நிதி செல்லும் வழிகளை அடைக்குமாறு அது எல்லா நாடுகளையும் பணித்தது. எனினும் அத்தீர்மானத்தில் எவருடைய பெயரும் இல்லை. 1999ஆம் ஆண்டின் 1267ஆம் தீர்மானத்தின் கீழ் பாதுகாப்புச் சபையின் குழுவே பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறது. 1373இன் கீழோ, பெயர்களைத் தெரிவது அந்தந்த நாட்டு அரசின் பொறுப்பு. ஆகவே “ஐ.நா. தடை” என்று சொல்லப்படுவது பலவேளைகளில் உள்நாட்டு அமைச்சரவையின் முடிவே.

கனடாவில் 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டம் இவ்வதிகாரத்தை அமைச்சரவைக்கு அளிக்கிறது. தீர்மானம் வந்து நான்கு நாட்களில், 2001 ஒக்ரோபர் 2ஆம் நாள், அதற்கான ஒழுங்குவிதிகள் பிறந்துவிட்டன. பயங்கரவாதத் தடைச் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றதோ டிசம்பர் 18ஆம் நாளிலேயே. இடைப்பட்ட நவம்பரில் அந்த ஒழுங்குவிதிகளின் கீழ் விடுதலைப் புலிகளின் பெயர் சேர்க்கப்பட்டது. 2006 ஏப்பிரலில் குற்றவியற் கோவையின் கீழ் அவ்வமைப்பும், 2008 யூனில் உலகத் தமிழர் இயக்கமும் பட்டியலிடப்பட்டன. இவற்றைச் சரியெனக் கொள்வோரும் பிழையெனக் கொள்வோரும் எம்மிடையே உளர். ஆனால் எந்தப் பெயரும் பாராளுமன்ற வாக்கெடுப்பால் சேர்க்கப்படவில்லை என்பது இருசாராரும் கவனிக்கவேண்டிய உண்மை.

இலங்கையிலும் இதே ஏணியே பயன்பட்டது. 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. 2014 மார்ச் 21ஆம் திகதிய வர்த்தமானி மூலம் 16 அமைப்புகளும் 424 நபர்களும் தடைசெய்யப்பட்டனர். கனடியத் தமிழர் பேரவையும் அதில் அடங்கியது. 2015இல் அதன் பெயர் நீக்கப்பட்டது. 2021இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் மீண்டும் நீக்கப்பட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர்கள் ஏறி இறங்கின. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இடையில் தேவைப்படவில்லை.

2014இல் கொழும்பில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோத்தபாய ராஜபக்ச. 2023 ஜனவரி 10ஆம் நாள் கனடா அவர்மீதும் மகிந்த ராஜபக்ச மீதும் மேலும் இருவர்மீதும், மனித உரிமை மீறல்களைக் காரணங்காட்டிப் பொருளாதாரத் தடை விதித்தது. எம்மவர் பலர் அதனை வரவேற்றனர். அதுவும் அமைச்சரவையின் முடிவே. எமக்கு உவப்பான பட்டியலுக்கு ஒரு நீதி, உவப்பற்றதற்கு வேறொரு நீதி என்று நாம் கேட்கமுடியாது.

பட்டியல் பிழைத்தால் என்ன நிகழும்? ஒட்டாவாவில் பணமாற்று நிறுவனம் நடத்திய லிபான் ஹுசேன் 2001 நவம்பரில் பட்டியலிடப்பட்டார். 2002 யூனில், சான்று இல்லையென்று கனடாவே அவர் பெயரை நீக்கியது. மொன்றியலைச் சேர்ந்த அபூசுஃபியான் அப்தெல்ராஸிக் 2006இல் 1267 பட்டியலில் இடம்பெற்றார். நாடு திரும்ப இயலாது கார்ட்டூமிலுள்ள கனடியத் தூதரகத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தார். அவருக்கு உதவுவதே குற்றமாகலாம் என்ற நிலையிலும் கனடியர் பலர் பணம் சேர்த்துப் பயணச்சீட்டு வாங்கினர். 2009 யூன் 4ஆம் நாள் சமஷ்டி நீதிமன்றம் அவரை அழைத்துவருமாறு ஆணையிட்டது. பெயர் நீங்கியதோ 2011இல். இவ்விருவருக்கும் நேர்ந்தது உண்டியல் நடத்தும் எமது வணிகருக்கோ, ஊருக்குச் செல்லும் எமது தந்தையருக்கோ நேராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிரித்தானியாவின் அனுபவம் எமக்குப் பாடமாகும். 2010 ஜனவரி 27ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐ.நா. சட்டத்தின் கீழ் அரசு பிறப்பித்த சொத்து முடக்க ஆணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமையைப் பறிக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றமே தெளிவான சொற்களில் வழங்கியிருக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இரு வாரங்களுள் தற்காலிகச் சட்டமும், அவ்வாண்டு டிசம்பரில் சுயாதீன மீளாய்வாளருக்கு இடமளித்த நிரந்தரச் சட்டமும் நிறைவேறின. முடக்கும் அதிகாரம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதற்கு மக்கள் பிரதிநிதிகள் பொறுப்பேற்க நேர்ந்தது.

கனடியப் பாராளுமன்றம் கையற்றதன்று. ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் இரு சபைகளிலும் சமர்ப்பிக்கப்படவேண்டும். நாற்பது நாட்களுள் இரு சபைகளும் தீர்மானித்தால் அவை இரத்தாகும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இரு சபைகளின் குழுக்களும் மீளாய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டன. ஆயினும் குற்றவியற் கோவைப் பட்டியலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாயவேண்டும் என்றிருந்த விதியை, 2019இல் ஐந்து ஆண்டுகளாக நீட்டியதும் இதே பாராளுமன்றமே. பூட்டு இருந்தும் கதவு திறந்து கிடப்பது போன்றது இந்நிலை.

நாம் கேட்கவேண்டியவை மூன்று. பெயர் சேர்த்தமைக்கான காரணம், இரகசியம் போக எஞ்சியது, பாராளுமன்றக் குழுவொன்றின் முன் வைக்கப்படவேண்டும். மீளாய்வுக் காலம் மீண்டும் குறுக்கப்படவேண்டும். தவறாகப் பட்டியலிடப்பட்டவர் தம் பெயரை நீக்கக்கோரும் வழி, சட்டத்தரணிக்குப் பெருந்தொகை கொடுக்க இயலாத குடும்பத்துக்கும் எட்டவேண்டும்.

இவற்றைக் கேட்பதற்குக் குடியுரிமை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கு வசிக்கும் எவரும் தம் முகவரிக்குரிய பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குச் செல்லலாம். ஒட்டாவாவிலுள்ள உறுப்பினருக்கு எழுதும் கடிதத்துக்கு முத்திரை ஒட்டவும் வேண்டியதில்லை. கேள்வி கேட்பாரற்ற அதிகாரத்தால் ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். வந்த நாட்டில் கேள்வி கேட்கும் வழி இருக்கையில் அதனைப் பயன்படுத்தாதிருத்தல் எமக்குத் தகாது.